நகம் தட்டாத கோடு

விரிசல் இல்லாத ஒரு கண்ணாடியை, விரிசல் விட்டுவிட்டது என்று சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை. அது எனக்கு வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே சொன்னேன்.

இவ்வளவுதான் என் குற்றம். எழுதினால் இரண்டு வரிகூட வரவில்லை... ஆனால் அந்தப் பொய்யால் ஒரு பெண் செய்த சத்தியம் பொய்ச் சத்தியமாகிப் போனது. இன்றுவரை அப்படியே இருக்கிறது.

நீங்கள் என்னைப் பார்த்திருக்கலாம். மலாக்கா பாச்சாங்கில் ஒரு கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடங்களாக வேலை செய்கிறேன். ஜன்னலுக்கு, மேசைக்கு, சாமிப் படத்துக்கு அளவெடுத்து வெட்டிக் கொடுப்பவன். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன். நாற்பத்தொன்பது வயதாகிறது, மணமாகவில்லை. எதிரில் ஒருவர் நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. அளவைச் சொன்னால் தலையாட்டுவேன். கடை முதலாளி சீனர். என்னைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்லும் நல்ல வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: இவனுக்கு வாய் இல்லை, கை மட்டும்தான்.

அந்த வாய் இல்லாதவன் வாய் திறந்து பேசிய கதையைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய பால்நீலக் கண்ணாடி சேர்ப்பது. ஓபலசென்ட் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். வெள்ளைக்காரத் துரைமார்கள் தங்கள் பங்களாக்களுக்குக் கப்பலில் வரவழைத்த பூச்சாடிகள், கிண்ணங்கள், விளக்குக் குடைகள். உடல் தெளிந்த நீலமாக இருக்கும். விளிம்பை நெருங்க நெருங்கப் பால் கலந்ததுபோல் வெளுத்துக்கொண்டே போகும். அது பூசிய சாயம் அன்று. செய்யும்போதே விளிம்பை மறுபடியும் சூடுகாட்டி வரவழைத்த நிறம். அதை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பாலாக இருந்த இடமெல்லாம் நெருப்பு நிறமாகிவிடும். கையை இறக்கினால் மறுபடியும் பால்.

முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. இடிக்கப் போகிற ஒரு பங்களாவில் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றப் போயிருந்தேன். சமையலறை மூலையில் ஒரு கிண்ணம் கிடந்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். என் வாழ்க்கையில் யாருக்கும் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று அந்தக் கிண்ணத்துக்குள் எரிந்தது போல் இருந்தது... இப்படியெல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

பழைய சாமான் விற்கும் பசார் காராட்டில், உடைபடும் வீடுகளில், இரும்புக் கடைகளில் என்று தேடித் தேடிப் பன்னிரண்டு உருப்படிகள் சேர்ந்தன. அவற்றில் ஒரு பூச்சாடி. ஒரு சாண் உயரம், வாய் மட்டும் பாவாடை விளிம்பு மாதிரி மடிந்து மடிந்து விரியும். இந்த வகைச் சாடியை ஜோடியாகத்தான் செய்வார்கள். ஓர் அலமாரியின் இரண்டு முனைகளிலும் வைப்பதற்கு. என்னிடம் இருந்தது ஒன்று. பதினைந்து வருடங்களாக அதன் ஜோடியைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஒற்றையாக நிற்கும் அந்தச் சாடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காரணமில்லாமல் கோபம் வரும்.

அதன் ஜோடியைப் புக்கிட் காத்தில் என்ற ஊரில், தாமான் குடியிருப்பு வீடு ஒன்றின் சாமி மேடையில் கண்டேன்.

பார்வதி அக்காவின் வீடு அது. எனக்குப் பத்து வயது மூத்தவர். கணவர் இறந்துவிட்டார். மகனும் மருமகளும் கூட இருந்தார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் பின்பக்க இழுவைக் கதவின் கண்ணாடிக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். கூடத்தைக் கடக்கும்போது கால் தானாக நின்றது. முருகன் படத்துக்குப் பக்கத்தில், அரளிப் பூ வைத்த அந்தச் சாடி. அதே மடிப்பு. அதே நீலம்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டேன்.

"அக்கா, இந்தச் சாடி எங்க வாங்குனது?"

"வாங்கறதா? எங்கம்மா சுங்கை ரம்பாய் பக்கத்து எஸ்டேட்ல, துரை பங்களாவுல ஆயா வேல செஞ்சாங்க. துரை ஊருக்குக் கெளம்பறப்போ துரையம்மா இத எங்கம்மா கையில குடுத்துட்டுப் போச்சாம். அன்னைலேர்ந்து சாமிக்குத்தான். வெள்ளிக்கெழம தவறாம பூ வெப்போம்."

"குடுப்பீங்களாக்கா? பித்தளையில புதுசா ஒண்ணு வாங்கித் தாரேன்..."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்.

"சாமி மேடையில இருக்கறதயா கேக்கற? ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா தம்பி?"

"இல்லக்கா."

"அதான் பாத்தேன். வீட்டுல ஒருத்தி இருந்தா பூச்சாடி பின்னால சுத்த ஒனக்கு நேரம் இருக்காதுலா."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு அளவை எழுதினேன். தப்பாக எழுதினேன், மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடி பொருத்தப் போனேன். அந்த ஒரு வாரமும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். திருட நினைத்தேனா? இல்லை. ஏமாற்ற நினைத்தேனா? அதுவும் இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் நான் நினைத்தது அந்தச் சாடியை மட்டும்தான். வேறு எப்படிச் சொல்வது?

வேலை முடிந்தது. அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்தார். கழுவி வைத்த சாடி மேடையில் காலியாக இருந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பார் என்றார்.

எடுத்துப் பின்கதவு வெளிச்சத்தில் பிடித்தேன். நெருப்பு வந்தது. அதோடு, வாய்க்குச் சற்றுக் கீழே, துரும்பு நீளத்துக்கு ஒரு கோடும் தெரிந்தது.

அது என்ன கோடு என்று எனக்குத் தெரியும். அச்சில் செய்யும்போது உருகிய கண்ணாடியைக் கத்தரியால் வெட்டி விழவிடுவார்கள். வெட்டுப்பட்ட முனை ஒரு கணம் குளிர்ந்து, பிறகு மற்றதோடு சேர்ந்துவிடும். அந்தக் குளிர் மட்டும் ஒரு கோடாக உள்ளேயே தங்கிவிடும். பிறக்கும்போதே வந்த மச்சம் மாதிரி. நகத்தை அதன் மேல் ஓட்டினால் தட்டாது. விரிசலாக இருந்தால் தட்டும். நான் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். தட்டவில்லை.

"அக்கா... இதுல விரிசல் விட்டுருக்கே."

என் குரலா அது? அவ்வளவு தெளிவாக, திக்காமல் நான் பேசியதே இல்லை.

அக்கா பக்கத்தில் வந்து பார்த்தார். கோடு அவருக்கும் தெரிந்தது. "கோடு மாதிரிதான தெரியுது?" என்றார். நான் சாடியை விரலால் தட்டிக் காட்டினேன். நல்ல கண்ணாடி மணிபோல் ஒலிக்கும், விரிசல் விட்டது செத்த ஓசை தரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தட்டினால் எந்தக் கண்ணாடியும் 'டொக்' என்றுதான் சொல்லும். இது எங்கள் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தட்டினேன்.

டொக்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. நம் வீடுகளில் விரிசல் விட்ட கண்ணாடியைச் சாதாரண அறையில்கூட வைக்க மாட்டார்கள். சாமிக்கு முன்னால் வைப்பார்களா? அதை நினைத்துத்தான் நான் பேசினேன்.

"எத்தன நாளா இப்படி வெச்சிக்கிட்டு இருந்தேனோ... எப்படித் தம்பி விரிசல் விட்டுருக்கும்?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று அடுத்ததைச் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை.

"கழுவறப்போ பைப்புல இடிச்சிருக்கும்க்கா. லேசா பட்டாலே போதும்."

அக்கா மெதுவாகச் சொன்னார்: "எனக்குக் கை நடுங்கும். நான் கழுவறதில்ல. வியாழக்கெழம சாயங்காலம் மருமகதான் கழுவும்."

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். 'இல்லக்கா, தப்பாப் பாத்துட்டேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. என் கண் சாடியின் மேல் இருந்தது.

அக்கா அதை மஞ்சள் துணியில் சுற்றினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "குப்பையில போடக் கூடாது தம்பி. போற வழியில கடல்ல விட்டுரு" என்று என்னிடம் கொடுத்தார். சரிக்கா என்றேன். கடற்கரைக்கு எங்கே போனேன்... நேராக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டையும் அலமாரியில் அருகருகே வைத்தேன்.

அவை ஜோடி இல்லை!

ஒன்றின் வாயில் எட்டு மடிப்பு, மற்றதில் ஒன்பது. என்னுடையது நல்ல நீலம். அக்காவுடையதில் ஒரு சொட்டுப் பச்சை கலந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அது நெருப்பாக எரிந்தது, என்னுடையது தேன் நிறத்தோடு நின்றுவிட்டது. இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். தள்ளி வைத்துப் பார்த்தேன். கண்ணைப் பாதி மூடியும் பார்த்தேன். ஒரு தாய்க்குப் பிறந்த பிள்ளைகளாகத் தெரியவே இல்லை. பதினைந்து வருடத் தேடலும் ஒரு பொய்யும் சேர்ந்து எனக்குக் கொடுத்தது இரண்டு ஒற்றைச் சாடிகளை.

மறுநாளே திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? எப்படிக் கொடுப்பது? கடலில் விடுவதாகச் சொல்லி வாங்கிவந்த பொருளை எந்தக் கையால் நீட்டுவது?

ஒரு மாதம் கழித்து அக்கா கடைக்கு போன் செய்தார். இழுவைக் கதவு சிக்குகிறதாம். போனேன். வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. மேடையில் சாடி இருந்த இடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

நான் கேட்காமலேயே அவர் சொன்னார்.

அன்று மாலை மருமகள் கவிதா வேலை முடிந்து வந்ததும் அக்கா கேட்டிருக்கிறார். நான் இடிக்கவே இல்லை என்றிருக்கிறாள். இடித்ததுகூடப் பெரிதில்லை, இடித்துவிட்டு மறைத்ததுதான் பெரிது என்று பேச்சு வளர்ந்திருக்கிறது. கடைசியில் அந்தப் பெண் மேடைக்கு முன்னால் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள். நான் உடைக்கவில்லை, எனக்குத் தெரியாது என்று.

"அப்பக்கூட நான் நம்பிட்டேன் தம்பி. சூடத்த அணைச்சிருச்சே, அப்பறம் என்னா? ஆனா மறுவாரமே எம்மவன் மோட்டார் சைக்கிள்ல விழுந்து கைய முறிச்சிக்கிட்டான். அப்பறம் எப்படி நம்பறது? விரிசல ஒங் கண்ணால பாத்துச் சொன்ன. பொய்ச் சத்தியம் எம்புள்ள கையில எறங்கிருச்சுன்னு சொன்னேன். சொன்னது தப்பா? கோவிச்சிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருச்சு, சுங்கை ரம்பாய்க்கு. அவனும் முறிஞ்ச கையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போயிட்டான்."

நான் கதவுக்கு அடியில் குனிந்து சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. எண்ணெய் வழிந்து தரையில் ஓடியது. அதைத் துடைத்துத் துடைத்துக் கை வலித்தது.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உண்மையைச் சொல்லிவிடுவது என்று அக்கா வீட்டுக்குப் போனேன். சாடியை எடுத்துக்கொண்டு போனேனா? இல்லை. அங்கேதான் நான் எப்படிப்பட்டவன் என்பது தெரிகிறது, பாருங்கள். உண்மையில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதியை அலமாரியில் பூட்டிவிட்டுப் போனேன்.

"அக்கா, நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். அது விரிசல் இல்லக்கா. கண்ணாடி செய்யறப்பவே விழுந்த கோடு. மருமக மேல தப்பில்ல."

அக்கா என்னை வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன்.

"நல்ல மனசு தம்பி ஒனக்கு. குடும்பம் சேரணும்னு பொய் சொல்ல இவ்ளோ தூரம் வந்திருக்க பாரு."

"இல்லக்கா, நெசமாத்தான்..."

"தட்டிக் காமிச்சியே தம்பி. டொக்குன்னுச்சே. எங்காதால கேட்டேனே. இப்ப இல்லன்னா எப்படி? ஒக்காரு, கோப்பி போடறேன்."

கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தட்டினேன் என்று சொல்ல வேண்டும். சாடி என் வீட்டில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியங்கள். நான் கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பொய்யைக் கேட்டதும் நம்பினார். உண்மையைக் கேட்டு என்னைப் பாராட்டினார். இதற்கு நான் யார் மேல் கோபப்படுவது?

அதற்கு மூன்று வாரம் கழித்துக் கவிதா கடைக்கு வந்தாள். முன்பு அவளை நான் பார்த்ததில்லை. ஒரு கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தாள். அம்மா வீட்டுக்குச் சாமான் ஏற்றும்போது சட்டத்தின் கண்ணாடி நொறுங்கிவிட்டதாம். படத்தில் இருந்தவனைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா வீட்டுக் கூடத்தில் அதே முகம் பள்ளிச் சீருடையில் படமாகத் தொங்குகிறது.

"அங்கள், நீங்கதானே எங்க அத்த வீட்டுச் சாடியப் பாத்தது?"

தலையாட்டினேன்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும். அந்த விரிசல் பழசா, புதுசா? கண்ணாடி வேல செய்றவங்களுக்குப் பாத்தாத் தெரியுமாமே."

முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் காதில் விழுமே என்ற சாக்கும் எனக்கு இல்லை.

"அது விரிசலே இல்லம்மா" என்றேன். "நீ ஒண்ணும் செய்யல."

அவள் லேசாகச் சிரித்தாள். கோபமாகப் பேசியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

"அத்த போன்ல சொன்னாங்க அங்கள். 'பாரு, அந்தத் தம்பிகூட ஒனக்காகப் பொய் சொல்ல வந்துருச்சு, நீ ஒரு மன்னிப்புக் கேக்க மாட்டேங்கற'ன்னு. நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு நெனச்சிக்கிட்டேதான் வந்தேன்."

"இல்லம்மா..."

"பரவால்ல அங்கள். சூடத்த அணைச்சப்போ எனக்கு நல்லாத் தெரியும், நான் இடிக்கலன்னு. இப்ப... யோசிச்சி யோசிச்சி ஒண்ணும் தெரியல. வேல விட்டு அலுப்பா வந்துதானே கழுவுவேன். எங்கயாச்சும் பட்டிருக்குமோன்னு தோணுது. அப்பறம் அவரு கையப் பாத்தா..."

படத்தை என் பக்கம் தள்ளினாள்.

என் வீடு கடையிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடம். 'இங்கேயே இரும்மா' என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாடியை எடுத்து வந்திருக்கலாம். அடியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, அவள் காதுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். அவள் சத்தியம் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். நான் திருடன் என்பதும் அந்த ஓசையிலேயே தெரிந்திருக்கும். தெரிந்தால் என்ன? என்னிடம் இழக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு கண்ணாடி, 'நல்ல மனசு' என்று ஒரு பெயர்... அந்தப் பெயரும் மூன்று வாரத்துக்கு முன்புதான் கிடைத்தது.

நான் கண்ணாடி வெட்டினேன். முதல் துண்டு கோணலாகப் போனது. இரண்டாவது கையிலேயே உடைந்தது. முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை. மூன்றாவதைப் பொருத்திக் கொடுத்தேன். கவிதா "தேங்ஸ் அங்கள்" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அவள் தலை மறையும்வரை கையில் அளவுகோலோடு நின்றிருந்தேன்.

இது நடந்து ஏழு மாதமாகிறது. அவர்கள் இன்னும் சுங்கை ரம்பாயில்தான் இருக்கிறார்கள். அக்காவிடம் கவிதா மன்னிப்புக் கேட்டுவிட்டாளாம். கதவு மறுபடியும் சிக்கியபோது அக்காவே சொன்னார். "இப்பயாச்சும் ஒத்துக்கிச்சே" என்றார். செய்யாத ஒன்றுக்கு அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். செய்த நான் கேட்கவில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மன்னிக்க நீங்கள் யார்? உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபம். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. முகம் தெரிந்த இரண்டு பேரிடம் சொல்ல முடியவில்லையே, அதுதான் என் வியாதி.

சாடி என்னிடம்தான் இருக்கிறது. மஞ்சள் துணியும் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாடியை அதில் சுற்றி மோட்டாரின் முன்கொக்கியில் மாட்டிக்கொண்டு புக்கிட் காத்தில்வரை போகிறேன். அக்காவின் தாமான் முனையில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது பச்சையாகும்வரை எனக்குத் தைரியம் இருக்கிறது. பச்சையானதும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்விடுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் தவறாமல் அதைக் கழுவுகிறேன். குழாயில் பட்டுவிடாமல், இரண்டு கையாலும் பிடித்து, ஒரு பெண் இத்தனை வருடமாக எப்படிக் கழுவியிருப்பாளோ அப்படி. துடைத்த பிறகு ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பேன். நெருப்பு வரும். அதற்குள் அந்தக் கோடு நிற்கும். கட்டைவிரல் நகத்தை அதன் மேல் வைத்து மெல்ல இழுப்பேன்... ஒரு முறையாவது தட்டிவிடாதா, எங்காவது உண்மையிலேயே ஒரு விரிசல் இருந்துவிடாதா என்று.

நேற்றும் இழுத்துப் பார்த்தேன். தட்டவில்லை.